சாய்வின் மேல் சுமத்திய பழி

1989-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி மாலை, கலிபோர்னியாவின் ஸாண்டா குரூஸ் மலைகளுக்கு அடியில் பிறந்து, லோமா பிரியேட்டா என்ற பெயரால் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட பூகம்பம், 6.9 அளவு வலிமையோடு வடக்கே பரவிச் சென்று, ஓக்லண்ட் நகரின் ஈரடுக்கு மேம்பாலச் சாலை ஒன்றைத் தகர்த்து 42 பேரைப் பலிகொண்டது. அந்தச் செய்தி அன்றிரவே உலகமெங்கும் எட்டிவிட்டது. அதே நகரின் துறைமுகத்தில், ஏழாவது தெருக் கப்பல்துறை என்று வழங்கும் மேடைக்கு அடியில் நேர்ந்த மற்றொரு சேதமோ, பொறியாளர்களின் அறிக்கைகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆயினும், துறைமுகங்களும் பாலங்களும் எவ்வாறு ஊன்றப்பட வேண்டும் என்ற விவகாரத்தில் அந்தச் சேதமும் அதைப் போன்ற சில சேதங்களும் விளைத்த மாறுதல் பெரிது. அந்த மாறுதல் முழுவதும் நியாயமானதுதானா என்பதை, நம் கடற்கரையில் அஸ்திவாரம் போடுகிறவர்களும், அதற்கு வரிப்பணம் கொடுக்கிற பொதுமக்களும் ஆராய்ந்து பார்க்க வேண்டிய காலம் இது.

அந்தக் கப்பல்துறையின் மேடை கான்கிரீட் பைல்களின் மேல் நின்றது. மேற்பரப்பின் சேற்றையும் இளகிய மணலையும் கடந்து, ஆழத்திலுள்ள கெட்டி அடுக்கில் ஊன்றும்படி, அடித்தோ துளையிட்டு வார்த்தோ இறக்கப்படும் நெடிய நிலத்தூண்களையே பைல்கள் என்கிறோம். ஓக்லண்டில் அவற்றுள் பெரும்பாலானவை செங்குத்தாக நிற்க, சில மட்டும், மேடையின் மேல் பக்கவாட்டில் வந்து மோதும் விசைகளைத் தாங்கும்பொருட்டு, வேண்டுமென்றே சாய்வாக இறக்கப்பட்டிருந்தன. நம் நாட்டு வேலைத்தளங்களில் ரேக்கர் பைல் என்று சொல்லப்படுகிறவை இவையே. பூமி அதிர்ந்தபோது, கடலைத் தூர்த்து நிரப்பியிருந்த மணல் நீரோடு நீராகக் குழம்பிக் கடல்பக்கமாக நகர்ந்தது. மேடையும் உடன் அசைந்தது. செங்குத்துப் பைல்களில் பல பெருஞ்சேதமின்றித் தப்பியிருக்க, சாய்வு பைல்கள் தங்கள் தலைமாட்டில், மேடையோடு பிணைந்திருந்த அந்த இடத்திலேயே, முறிந்தும் பிய்ந்தும் போயின. 1964-இல் அலாஸ்காவை உலுக்கிய பூகம்பத்திலும், 1991-இல் கோஸ்டா ரீகாவின் லிமோன் பகுதியில் நேர்ந்த பூகம்பத்திலும் சாய்வு பைல்கள் இவ்வாறே அடிபட்டிருந்தன.

இத்தனை சாட்சியங்கள் ஒருமுகமாக வந்து சேர்ந்தபின் விதிகளை எழுதுகிறவர்கள் வாளாவிருக்க முடியாது. ஐரோப்பிய நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்டு 2004-இல் வெளியிட்ட பூகம்பத் தடுப்பு விதித்தொகுப்பான யூரோகோட் 8, அஸ்திவாரங்களைப் பற்றிய தன் ஐந்தாம் பாகத்தில், பக்கவாட்டு விசைகளை மண்ணுக்குக் கடத்துவதற்குச் சாய்வு பைல்களை நாடாதிருப்பதே நலம் என்று சிபாரிசு செய்து, நாடியே தீரவேண்டுமானால் நீளவாக்கு விசையோடு வளைவையும் அவை பத்திரமாகத் தாங்கும்படி கணக்கிட வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் சேர்த்தது. இவ்விதியின் முற்பாதி, ‘சாய்வு பைல் ஆகாது’ என்ற சுருக்கமான வடிவத்தில் பலருடைய மனத்தில் நிலைத்துவிட்டது. பிற்பாதியை எடுத்துச் சொல்வோர் குறைவு. என் அபிப்பிராயத்தில் விஷயத்தின் உயிர் அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது. சாய்வு பைல்களைச் சாய்த்ததனால் மட்டும் அவை முறிந்துவிடவில்லை. அவற்றின் மேல் வரக்கூடிய விசைகளில் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, மறுபகுதியை இல்லாததாகப் பாவித்து, அந்த அரைக்கணக்கை நம்பித் தலைமாட்டு இணைப்பை அமைத்ததனாலேயே முறிந்தன. இந்த வேற்றுமையை உணராமல் நாம் ஒரு நல்ல சாதனத்தைத் தள்ளிவைப்பதும் தவறு. உணராமல் பழக்கத்தினால் பயன்படுத்திக்கொண்டே போவதும் அதைவிடப் பெரிய தவறு.

முதலில், இச்சாதனம் ஏன் நல்லது என்பதைப் பார்ப்போம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கும் குடியானவன் கழியைச் செங்குத்தாக நட்டுவிட்டுப் போவதில்லை. சாய்த்து ஊன்றித்தான் மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறான். செங்குத்தாக நட்ட கழி பக்கவாட்டுத் தள்ளலை வளைந்துதான் எதிர்க்க வேண்டும். சாய்த்து ஊன்றிய கழியோ அந்தத் தள்ளலைத் தன் நீளத்தின் வழியே அழுத்த விசையாக மாற்றி நிலத்துக்குள் செலுத்திவிடுகிறது. மரமோ எஃகோ கான்கிரீட்டோ, எந்த நீண்ட தண்டும் வளைவதற்கு இணங்குகிற அளவில் நூறில் ஒரு பங்குகூடத் தன் நீளத்தில் சுருங்குவதற்கு இணங்குவதில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் சாய்வின் தத்துவம். ஒன்றையொன்று எதிர்நோக்கிச் சாய்ந்த இரண்டு பைல்களின் தலைகளை பைல் கேப் எனப்படும் கான்கிரீட் தலைக்கட்டு ஒன்றில் பிணைத்துவிட்டால், எத்திசையிலிருந்து தள்ளல் வந்தாலும் ஒன்று அழுந்தும், மற்றொன்று இழுபடும். மேடையோ அதிகம் நகராமல் நிற்கும்.

இந்த அறிவு நேற்று வந்ததன்று. கி.மு. 55-இல் ஜூலியஸ் சீஸர் தன் படைகளை ரைன் நதியின் மறுகரைக்குக் கொண்டுசெல்ல மரப்பாலம் ஒன்று கட்டினான். மரங்களைச் சேகரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பத்தே நாட்களில் அது முடிந்தது. அந்தப் பாலத்தின் கால்களைப் பற்றி அவனே தன் யுத்தக் குறிப்புகளில் விவரமாக எழுதி வைத்திருக்கிறான். இரண்டிரண்டாகப் பிணைத்த மரங்களை அவன் தூக்குநூல் பிடித்தாற்போல் நிமிர்த்தி அடிக்கவில்லை. ஒருபக்கத்து இணையை நீரோட்டத்தின் திசையில் சாய்த்தும், அதற்கு எதிரே நாற்பது அடி தள்ளி, மறுபக்கத்து இணையை நீரோட்டத்தை எதிர்த்துச் சாய்த்தும் இறக்கினான். வெள்ளத்தின் வேகம் மிகமிக அக்கட்டு மேலும் இறுகும்படி அமைந்திருந்ததையும் அவன் பெருமையோடு குறிப்பிடுகிறான். விசையைக் கணக்கிடும் சாஸ்திரம் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஓடும் நீரின் தள்ளலுக்குச் சாய்ந்த கால்களே பரிகாரம் என்று தச்சர்களின் அனுபவம் நிர்ணயித்துவிட்டது என்பதற்காகவே இதை எடுத்துச் சொன்னேன்.

நம் காலத்தில் அத்தள்ளல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 50,000 டன் நிறையுள்ள ஒரு கப்பல், இழுவைப் படகுகளின் துணையோடு, விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்ற மிக மெதுவான வேகத்தில் மேடையை வந்து தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதன் நடக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நகர்ச்சியில் அடங்கியுள்ள சக்தி, 25 டன் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டிய சக்திக்குச் சமம். அதில் பெரும்பங்கை ரப்பர்த் தாங்கிகள் விழுங்கினாலும், மேடைக்குள் இறங்கும் பக்கவாட்டு விசை பல பத்து டன்களுக்குக் குறையாது. புயல் நாட்களில் கட்டிய கயிறுகள் இழுக்கும் இழுப்பு, அலைகளின் மோதல், பளுதூக்கிகள் ஓடும்போதும் நிற்கும்போதும் எழும் உந்தல் ஆகியவை வேறு. கரையிலிருந்து எட்டி நிற்கும் மேடைக்கு அடியில் பைல்கள் பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் நீளத்துக்கு நீரிலும் சேற்றிலும் பிடிப்பின்றி நிற்க வேண்டியிருக்கும்போது, செங்குத்துப் பைல்களை மட்டும் கொண்டு இதைச் சமாளிக்க வேண்டுமானால் அவற்றின் பருமனையும் எண்ணிக்கையையும் மிகவும் கூட்ட நேரும். ஆறு மீட்டர் இறங்குவதற்குள் ஒரு மீட்டர் விலகும் சாய்வில் உள்ள பைல், தன் நீளவாக்கில் தாங்கும் ஒவ்வொரு 100 டன்னிலும் ஏறத்தாழ 16 டன்னைப் பக்கவாட்டு எதிர்ப்பாகத் தருகிறது. நான்குக்கு ஒன்று என்ற சாய்வானால் அது 24 டன்னாகிறது. இந்தச் சிக்கனமே உலகமெங்கும் துறைமுகப் பொறியாளர்களைச் சாய்வு பைல்களின்பால் ஈர்த்தது.

ஆனால் இச்சிக்கனத்துக்குள்ளேயே ஆபத்தின் வித்தும் அடங்கியிருந்தது. சாய்வு பைல்களின் கணக்கு நெடுங்காலம் வெறும் நீளவாக்கு விசைகளின் கணக்காகவே இருந்துவந்தது. பைலின் தலையும் அடியும் கீல் வைத்தாற்போல் சுழலும் என்றும், சுற்றியுள்ள மண் ஒன்றும் செய்யாது என்றும் பாவித்துக்கொண்டு, காகிதத்தில் சில கோடுகளை இழுத்தே விடை கண்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹ்ரென்னிகாஃப் என்ற பேராசிரியர், பைல்களின் வளைவையும் மண்ணின் பக்கவாட்டு எதிர்ப்பையும் சேர்த்துச் சாய்வு பைல் கூட்டங்களை ஆராயும் முறையை 1950-இல் வெளியிட்டார். அது கையால் போடவேண்டிய நீண்ட கணக்கு. ஆகையால் அவசர வேலைக்காரர்கள் பழைய எளிய முறையையே பற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றும் அலையும் கப்பலுமே எதிரிகளாக இருந்தவரையில் அந்த எளிய முறை பெரிதாக ஏமாற்றவில்லை. பூகம்பம் வந்தபோதுதான் ஏமாற்றம் பிரத்தியட்சமாயிற்று.

அந்த ஏமாற்றத்தின் காரணத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு மேடையைத் தாங்கும் பைல்கள் பக்கவாட்டு விசையைச் சரிசமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. எது அதிக விறைப்பானதோ அது அதிகப் பங்கை ஏற்கிறது. 50 சென்டிமீட்டர் சதுரமுள்ள கான்கிரீட் பைல் ஒன்று, இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்டு, நடுவில் 10 மீட்டர் நீளம் தடையின்றி நிற்கிறதென்று கொண்டு அதன் விறைப்பைக் கணக்கிட்டு, அதே பருமனும் 20 மீட்டர் மொத்த நீளமும் கொண்டு நான்குக்கு ஒன்று சாய்ந்த பைலோடு ஒப்பிட்டால், சாய்ந்தது ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். ஆகவே பத்துப் பைல்களில் இரண்டை மட்டும் சாய்த்து வைத்தால், அந்த இரண்டும் மொத்த விசையில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தங்கள் தலையில் இழுத்துக்கொள்கின்றன. மற்ற எட்டும் மீதிக் கால் பங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரண நாட்களில் இதுவே நாம் விரும்புவது. பூகம்பத்திலோ விசையின் அளவு வெளியிலிருந்து நிர்ணயிக்கப்படுவதன்று. கட்டுமானம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அதற்கேற்ப விசையும் பெருகுகிறது. மேடையைச் சாய்வு பைல்கள் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, பூமியின் அசைவு அதிக வேகத்தோடு மேடைக்குள் ஏறுகிறது. அவ்வாறு ஏறியதில் முக்கால் பங்கும் மறுபடி அந்த ஒருசில பைல்களின் தலைக்கே வந்து சேருகிறது.

இத்தோடும் முடியவில்லை. சாய்ந்த பைல் அழுந்தும்போது மேடையின் அவ்விளிம்பு சற்றே உயர, எதிர்ப்பைல் இழுபடும்போது மறுவிளிம்பு தாழ, அந்தத் திருகல் முழுவதும் தலைமாட்டு இணைப்பில் வளைவாகச் சேருகிறது. கான்கிரீட் அழுத்தத்துக்கு வலியது, இழுப்புக்கு மெலியது என்பதைக் கட்டட வேலை தெரிந்த யாவரும் அறிவர். இழுபடும் பைலின் தலையில் உள்ள கம்பிகள் பைல் கேப்புக்குள் போதிய ஆழம் சென்று நங்கூரமிட்டிராவிட்டால், அவை உருவிக்கொண்டு வருவதற்கு ஒரு சில குலுக்கல்களே போதும். மண் தளர்ந்து அமிழும் இடங்களில் வேறொரு தீங்கும் உண்டு: செங்குத்துப் பைலைச் சுற்றி அமிழும் மண் அதைக் கீழ்நோக்கி உரசிக்கொண்டு போகுமேயன்றி வளைப்பதில்லை, சாய்ந்த பைலின் முதுகின் மேலோ அது பாரமாக உட்கார்ந்து, பூகம்பம் எதுவும் வராமலே, வருஷக்கணக்கில் அதை வளைத்துக்கொண்டிருக்கும். இவற்றுள் ஒன்றும் பழைய எளிய கணக்கில் இடம்பெற்றிருக்கவில்லை. ஓக்லண்டில் பைல்களின் நடுவுடல் அன்று, தலைமாடே முறிந்தது என்ற செய்தியின் பொருள் இதுதான்.

சாய்வே குற்றவாளியாக இருந்திருந்தால், சாய்வு பைல்களின் மேல் நின்றவை எங்கும் இவ்வாறே அழிந்திருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. நியூஸிலாந்தில் 1987 மார்ச் 2-ஆம் தேதி எட்ஜ்கம்ப் வட்டாரத்தில் நேர்ந்த பூகம்பத்தின்போது, வாகத்தானே நதியின் கரைமண் குழம்பி, மேல் ஓடுபோன்ற கெட்டி மண்ணைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ இரண்டு மீட்டர் அளவுக்கு ஆற்றை நோக்கி நகர்ந்தது. அந்த மண் முழுவதும் லாண்டிங் ரோடு பாலத்தின் கால்களை நெருக்கித் தள்ளியது. பாலத்தின் கால்களுக்குப் பின்னால் மண் குவிந்து மேடிட்டு நின்றதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தக் கால்களுக்கு அடியில் இருந்தவை 40 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரக் கான்கிரீட் பைல்கள், சாய்வாக இறக்கப்பட்டவை. பாலம் விழவில்லை, சொற்பச் சேதத்தோடு நின்றது. அதை விரிவாக ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட பெரில் முதலான பொறியாளர்கள், அத்தனை பெரிய மண் நெருக்கத்தைத் தாங்கியதில் சாய்வு பைல்களின் விறைப்புக்கு உள்ள பங்கைத் தெளிவாக்கினார்கள்.

1995 ஜனவரி 17-ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பூகம்பம், அந்நகரின் மாபெரும் துறைமுகத்தையும் செயலற்றதாக்கியது. கப்பல்துறைச் சுவர்கள் மீட்டர்க் கணக்கில் கடலை நோக்கிச் சாய்ந்தன. அந்த அழிவின் நடுவே பிழைத்து நின்ற ஒருசிலவற்றுள் மாயாத் துறையின் சுவர் ஒன்று. அது சாய்வு பைல்களை நம்பி நின்றது. பக்கத்தில் செங்குத்துப் பைல்களின் மேல் நின்ற சுவரோ பெருஞ்சேதம் அடைந்தது. இந்தக் கோபே அனுபவத்தைக் கல்வியுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் ஏதென்ஸின் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜார்ஜ் கஸெடாஸ். அவரும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சாய்வு பைல்கள் தீமையும் செய்யலாம், நன்மையும் செய்யலாம், எது விளையும் என்பது மேலே நிற்கும் கட்டுமானத்தின் உயரத்தையும், பைலின் தலை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா கீல்போல் அமைந்திருக்கிறதா என்பதையும், மண்ணின் தன்மையையும் பொறுத்தது என்று நிரூபிக்க முற்பட்டது. இதைக் காட்டிலும் நியாயமான தீர்ப்பு எனக்குத் தெரிந்தவரை இவ்விஷயத்தில் வேறில்லை.

இன்னும் ஓர் உதாரணம் சொல்லத்தக்கது. அது ஓக்லண்டுக்கு அருகிலேயே இருப்பதால் அதன் மதிப்பு அதிகம். லோமா பிரியேட்டா பூகம்பம் அந்நகரையும் ஸான் பிரான்ஸிஸ்கோவையும் இணைக்கும் விரிகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதியில் மேல்தளத்தின் 15 மீட்டர் துண்டு ஒன்றையும் விழச்செய்தது. பழைய கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டுவதே மேல் என்று முடிவாகி, நீண்ட விவாதங்களுக்குப் பின் 2013 செப்டம்பரில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நெடும்பகுதியைத் தாங்குவதற்கு 2.5 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களைக் கடலடிச் சேற்றின் வழியே, ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தைத் தொடும்படி அடித்து இறக்கினார்கள். ஓக்லண்டில் சாய்வு பைல்கள் முறிந்ததை நேரில் கண்ட அதே பிரதேசத்தில், மிகக் கடுமையான பூகம்ப விதிகளுக்கு உட்பட்டு, கலிபோர்னியாவின் பொறியாளர்கள் அந்தக் குழாய்களைச் சாய்த்தே இறக்கினார்கள். அமெரிக்க விதிகள் சாய்வு பைல்களை விலக்கவில்லை. கணக்கில் வரும் பூகம்ப விசையோடு நில்லாமல், கட்டுமானத்தின் உண்மையான வலிமை எவ்வளவு விசையைக் கொண்டுவரக்கூடுமோ அதையும் பைலும் இணைப்பும் தாங்க வேண்டும் என்றே கட்டளையிடுகின்றன. சாதனத்தைத் தண்டிக்காமல் கணக்கைத் திருத்துவதற்கு இது முன்மாதிரி.

மறுபக்கத்தில் நியாயமாகச் சொல்லக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். காகிதத்தில் சாய்ப்பது எளிது, வேலைத்தளத்தில் சாய்ப்பது கடினம். அடித்து இறக்கும் பைலானால் சம்மட்டி சாய்ந்த சட்டத்தின் வழியே உரசிக்கொண்டு விழும்போது அதன் சக்தியில் ஒரு பகுதி வீணாகிறது. துளையிட்டு வார்க்கும் பைலானால் இன்னல் இன்னும் அதிகம்: சாய்ந்த துளையின் மேற்பக்கத்து மண் சரிந்து விழப் பார்க்கும்; இறக்கிய கம்பிக்கூடு கீழ்ப்பக்கத்துச் சுவரில் சாய்ந்து படுத்துவிடும்; கம்பியைச் சுவரில் ஒட்டாமல் விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்குகள் விலகினால் அந்தப் பக்கத்தில் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாமலே போய்விடும்; உப்புநீர் புகுந்து துரு ஏறுவதற்கு அதைவிட வசதியான வழி வேறு வேண்டாம். ஆகையால்தான் கடல்வேலையில் லைனர் எனப்படும் எஃகுக் குழாயை நிலையாக இறக்கி அதற்குள் வார்ப்பது விவேகம் என்று சொல்கிறார்கள். நகரத்துக்குள் என்றால் இடப்பிரச்சினையும் சேருகிறது: ஆறுக்கு ஒன்று சாய்ந்த 24 மீட்டர் ஆழப் பைலின் அடி, தலையிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கும், அது அண்டை மனைக்காரரின் நிலமாக இருக்கலாம், மாநகராட்சியின் கழிவுநீர்க் குழாயாகவும் இருக்கலாம்.

இந்திய நாட்டின் நியமமான ஐ.எஸ். 2911, 2010-ஆம் வருஷத்துத் திருத்தத்தில், செங்குத்துப் பைல்களால் பக்கவாட்டு விசையைத் தாங்க இயலாத இடங்களில் ரேக்கர் பைல்களை ஏற்கலாம் என்று அனுமதித்து, சாய்வைப் பொதுவாக ஆறுக்கு ஒன்று என்ற அளவோடு நிறுத்தியிருக்கிறது. இறக்கும்போது நேரும் பிழைக்கு, செங்குத்துப் பைலானால் 1.5 சதவிகிதமும், சாய்வு பைலானால் 4 சதவிகிதமும் இடங்கொடுக்கிறது. 24 மீட்டர் பைலில் 4 சதவிகிதம் என்றால் அடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகல். செய்கிறவர்களின் கஷ்டத்தை உணர்ந்து கொடுத்த சலுகை அது. ஆனால் நான்கு மீட்டர் விலகி இருக்க வேண்டிய அடி மூன்றிலும் இருக்கலாம், ஐந்திலும் இருக்கலாம் என்ற நிலையில், கணக்குப் போடுகிறவர் அந்த இரண்டு எல்லைகளையும் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவராகிறார். அதே நியமம், முதற்கட்ட வடிவமைப்பில் ரேக்கர் பைலின் மேல் வரும் பாரத்தை நீளவாக்கு விசையாகவே கொள்ளலாம் என்றும் சொல்கிறது. முதற்கட்டத்துக்கு அது சரி. முதற்கட்டமே முடிவுக்கட்டமாக நின்றுவிடும் வேலைகளில்தான், ஓக்லண்டில் நேர்ந்ததற்கு நாமும் இடங்கொடுக்கிறோம்.

தமிழகக் கடற்கரையில் மத்திய அரசின் பெருந்துறைமுகங்கள் சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என மூன்று. சிறு துறைகளும் மீன்பிடி மேடைகளும் பல. நமக்குக் கலிபோர்னியாவின் பூகம்பம் இல்லை என்பது உண்மை. புயலும் அலையும் கப்பலுமே நம் நித்திய எதிரிகள். அந்த எதிரிகளுக்குச் சாய்வு பைல்கள் தக்க விடையாகவே இருக்கின்றன. கலிபோர்னியாவில் முறிந்தன என்ற காரணத்தை மட்டும் காட்டி இங்கே அவற்றைத் தள்ளிவைத்து, இரண்டு பங்குப் பருமனில் செங்குத்துப் பைல்களை இறக்கிப் பொதுப்பணத்தைக் கடலுக்குள் கொட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் சென்னை நகரம் 2002-இல் திருத்தப்பட்ட பூகம்ப வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. இரண்டாம் மண்டலம் என்று எண்ணிப் போட்ட பழைய கணக்குகளின் மேல் நிற்கும் மேடைகள் இருக்குமானால், அவற்றின் சாய்வு பைல்களின் தலைமாட்டை மீண்டும் பரிசோதிப்பது அவசரமான காரியம். மேடையின் மேல் நின்று பார்ப்பவருக்கு அடியில் உள்ள பைலின் கழுத்து தெரியாது. அங்கே உப்புநீர் தெறித்துத் தெறித்துக் கம்பி துருப்பிடிப்பதும், பூகம்பத்தில் விசை வந்து குவிவதும் ஒரே இடத்தில்தான் என்பதை நினைத்தால் கவலை இரட்டிக்கிறது.

பொதுப்பணத்தில் சாய்வு பைல் இறக்கும் எந்த வேலையின் டெண்டர் ஆவணத்திலும் நான்கு விஷயங்களைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்று துறைமுக நிர்வாகங்களையும் நெடுஞ்சாலைத் துறையையும் வேண்டிக்கொள்கிறேன். நீளவாக்கு விசையோடு வளைவையும் மண்ணின் அமிழ்தலையும் சேர்த்துப் போட்ட முழுக்கணக்கு வேண்டும். இன்றைய கணினியில் அது ஒரு நாள் வேலைகூட இல்லை, ஹ்ரென்னிகாஃப் காலத்துச் சாக்கு இனிச் செல்லாது. இழுப்பைத் தாங்கும்படி பைல் கேப்புக்குள் நங்கூரமிட்ட கம்பிகளின் விவரம் தனி வரைபடமாக வேண்டும். உண்மையில் இறக்கிய சாய்வை ஒவ்வொரு பைலுக்கும் அளந்து பதிவு செய்ய வேண்டும். வேலை முடிந்தபின் அந்தப் பதிவேடு நிர்வாகத்தின் அலமாரியில் பூட்டப்படாமல், பின்னாளில் பரிசோதிக்க வருகிறவருக்குக் கிடைக்கும்படி பாதுகாக்கப்பட வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளும் பைல் அஸ்திவாரப் பாடத்தில் சாய்வு பைலை ஒரு படத்தோடும் ஒரு சூத்திரத்தோடும் முடித்துவிடாமல், ஓக்லண்டையும் வாகத்தானேயையும் அருகருகே வைத்து, ஒன்று ஏன் முறிந்தது, மற்றொன்று ஏன் நின்றது என்று மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்ய வேண்டும். டெண்டரில் கேட்கச் சொன்ன அந்த நான்கு விஷயங்களுக்கும் இடமளிக்காத வேலையின் வரைபடத்தில், எவ்வளவு நெருக்கடி வந்தாலும், எந்தப் பொறியாளரும் கையெழுத்திட இணங்கக் கூடாது.